எல்லாச் சமயத்தாருக்குமான கல்லறை நிலம்: எங்கிருந்து தொடங்குவது?

பல சமயத்தவரும் பயன்படுத்தப்போகும் புதிய கல்லறை நிலம் ஒன்று, அதையொட்டி இறுதிச்சடங்குக்கான மண்டபம் ஒன்று. யார் மனமும் புண்படாமல் இவற்றை வடிவமைப்பது எப்படி, எந்தச் சின்னங்களை வைக்கலாம், எவற்றைத் தவிர்க்கலாம் என்பது கேள்வி.

சின்னங்களைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். அடக்கம் நடக்கும் நாளில் குடும்பத்தாரைக் கலங்கவைப்பது பெரும்பாலும் சுவரில் இருக்கும் சின்னம் அல்ல. குழிக்குள் ஊறி நிற்கும் தண்ணீர், சவப்பெட்டியைத் திருப்ப முடியாத மூலை, வாசலில் எதிர்ப்படும் இன்னொரு வீட்டுச் சாவுக்கூட்டம், பின்வரிசைக்குக் கேட்காத குரல், பழைய கல்லறைகள் மேல் ஏறி வரும் குழிவெட்டும் இயந்திரம் ஆகியவைதான். இவை அத்தனையும் வரைபடத்திலேயே தீர்க்கக்கூடியவை. அதனால் மண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

நிலத்தை முடிவுசெய்யும் முன் குறைந்தது ஓர் ஆண்டு முழுக்க நிலத்தடி நீர்மட்டத்தை அளக்க வேண்டும். வறண்ட மாதத்தில் நான்கு சோதனைக் குழி வெட்டிப் பார்த்துவிட்டு ஒப்புதல் தருவதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு. இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை சொல்லும் அளவுகள் நல்ல தொடக்கம்: குடிநீர்க் கிணறு, ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றிலிருந்து 250 மீட்டர், ஊற்று, ஓடை போன்றவற்றிலிருந்து 30 மீட்டர், வயல் வடிகாலிலிருந்து 10 மீட்டர். குழியின் அடிமட்டத்துக்கும் நீர்மட்டத்தின் உச்ச நிலைக்கும் இடையில் 1 மீட்டர் உலர்ந்த மண் இருக்க வேண்டும். குழி வெட்டியதும் அடியில் தண்ணீர் நிற்கக் கூடாது. உங்கள் நாட்டுச் சட்டம் வேறு எண்களைச் சொன்னால் இரண்டில் கடுமையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கெட்டிக் களிமண்ணில் தண்ணீர் வடியாது, காற்றும் புகாது. அங்கே உடல் மக்குவதற்குப் பதிலாக அதன் கொழுப்பு மெழுகுபோல இறுகிப் பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். ஒரு குழியை 15 முதல் 30 ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி பயன்படுத்தும் முறை ஜெர்மனியில் உண்டு. மண் மக்கவைக்காத இடங்களில் இந்தக் கணக்கு தவறிப்போகிறது. மறுபடி திறக்கும்போது என்ன கண்ணில் படும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. களிமண்தான் கிடைத்தது என்றால் குழிவரிசைகளுக்கு அடியில் வடிகால் குழாய் போட வேண்டும், அல்லது மேலே நல்ல மண்ணைக் கொட்டி நிலத்தை உயர்த்த வேண்டும். இரண்டுமே செலவுதான், ஆனால் பிறகு செய்யவே முடியாத செலவு. மணலில் சிக்கல் வேறு. வடிகால் பிரமாதமாக இருக்கும், பக்கச் சுவர்தான் சரியும். அங்கே குழிக்குள் பலகை முட்டுக் கொடுத்தே தீர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

ஆழம் அதிகமானால் மரியாதை அதிகம் என்றொரு எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆழமாகப் போகப் போகக் காற்று குறையும், மக்குவது தாமதமாகும். இங்கிலாந்தின் 1977ஆம் ஆண்டு உள்ளாட்சிக் கல்லறை ஆணை, பெட்டியின் மேல்பரப்புக்கும் தரைமட்டத்துக்கும் இடையில் 3 அடி மண் கேட்கிறது. மண் தகுந்ததாக இருந்தால் 2 அடியே போதும் என்கிறது. ஒரே குழியில் இருவரை அடக்கம் செய்வதானால் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே 6 அங்குல மண் கலையாமல் இருக்க வேண்டும். ஒருவருக்கான குழிக்கு 1.2 முதல் 1.5 மீட்டர், இருவருக்கு 1.8 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரிவரும்.

இடக் கணக்கைத் துணிந்து சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நிலம் தருபவர்கள் எப்போதும் கூடுதலாக எதிர்பார்ப்பார்கள். ஒரு மனைக்கு 2.7 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் ஒதுக்கினால் 3.24 சதுர மீட்டர். பாதை, மரம், மண்டபம், வண்டி நிறுத்தம், எல்லை ஓரம் எல்லாவற்றுக்கும் பாதி நிலம் போய்விடும். ஆக ஒரு ஹெக்டேரில் சுமார் 1,500 குழிகள். ஆண்டுக்கு 100 அடக்கம் நடந்தால் 15 ஆண்டில் நிரம்பிவிடும். இந்த எண்ணை முதல் கூட்டத்திலேயே மேசையில் வைக்காவிட்டால், பின்னாளில் பாதைகளைத் தின்றுதான் இடம் தேடுவார்கள்.

பாதைகளைத் தின்றால் என்ன ஆகும்? சிறிய குழிவெட்டும் இயந்திரம் போய்வரக் குறைந்தது 2.4 மீட்டர் அகலம் வேண்டும். ஒவ்வொரு இரண்டு வரிசைக்கும் இடையில் அந்த வழி இல்லையென்றால், கடைசியாக மிஞ்சும் குழிகளை வெட்ட இயந்திரம் பிறர் கல்லறை மேல் ஏறித்தான் வர வேண்டும். பலகை போட்டு ஏறினாலும், தன் தாயின் மேல் சக்கரம் ஏறுவதைப் பார்க்கும் மகனுக்கு எந்த விளக்கமும் ஆறுதல் தராது. இரண்டு வரிசைகளின் தலைமாடுகள் ஒன்றையொன்று ஒட்டியும், கால்மாடுகள் பாதையைப் பார்த்தும் இருக்கும்படி அமைத்தால் இந்தச் சிக்கல் வராது. தலைமாடுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஒரு காங்கிரீட் பீம் போட்டுவிட்டால் நினைவுக்கற்களும் சாயாது. நிரப்பிய மண் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை இறங்கிக்கொண்டே இருக்கும். அதன் மேல் நேரடியாகக் கல் நட்டால் சாயும், சாயும் கல் குழந்தைகள் மேல் விழுந்து உயிரையே எடுத்துவிடும்.

குழியோரத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் அந்தப் பத்து நிமிடம்தான் குடும்பத்தின் நினைவில் தங்கும். 2.1 மீட்டர் நீளம், 0.75 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழம் என்றால் வெட்டிய மண் உதிர்ந்து பெருத்து 3 கன மீட்டர் ஆகிவிடும். எடை நான்கு டன் அளவில் இருக்கும். அதைக் குழியின் விளிம்பிலேயே குவித்தால் சுவர் சரியும். ஓர் ஓரத்தில் மட்டும், விளிம்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிக் குவித்துத் துணி போர்த்த வேண்டும். மீதி மூன்று பக்கமும் வழுக்காத பலகை. நான்கு பேரோ ஆறு பேரோ கயிற்றைப் பிடித்து இறக்கும்போது கால் ஊன்ற நீளவாக்கில் இரு பக்கமும் தலா 80 சென்டிமீட்டர் தேவை. பக்கத்துக் கல்லறைக்கு மேடை கட்டியிருந்தால் அந்த 80 சென்டிமீட்டர் கிடைக்காது. மேடை கட்டலாமா, எவ்வளவு உயரம் என்ற விதியைக் கடைசியில் அல்ல, மனை அளவோடு சேர்த்தே முடிவுசெய்ய வேண்டும் என்பதற்கு இதுதான் காரணம். கைப்பிடி மண் போடுவதற்கு உலர்ந்த, கல் இல்லாத மண் ஒரு கூடையில் தனியாக இருக்கட்டும். ஈரக் களிமண் உருண்டை பெட்டி மேல் விழும் சத்தம் பலருக்குத் தாங்காது. குடும்பமே மண்ணைத் தள்ளி மூடும் வழக்கம் உள்ளவர்களுக்கு ஏழெட்டு மண்வெட்டிகளும் தயாராக இருக்க வேண்டும்.

வாசலிலிருந்து குழி வரையுள்ள நடை அடுத்தது. ஆறு பேர் தோளில் தூக்கி வரும்போது 1.5 மீட்டர் அகலம் பிடிக்கும், ஆகவே பிரதான பாதை 2 மீட்டருக்குக் குறையக் கூடாது. சரிவு 1:20க்குள், அதாவது 20 மீட்டர் நடைக்கு 1 மீட்டர் ஏற்றத்துக்குள் இருக்கட்டும். குறுகிய தூரத்துக்கு 1:12 வரை போகலாம், அதற்கு மேல் தூக்குபவர்களின் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையில் எடை சாய்ந்துவிடும், சக்கர நாற்காலியும் ஏறாது. மெருகேற்றிய கல்லைப் பாதையில் போடவே போடாதீர்கள்; மழையில் அதுபோல வழுக்குவது வேறில்லை. அமரர் ஊர்திக்கு 3.5 மீட்டர் அகலத்தில் வட்டமாகச் சுற்றிவரும் சாலை கொடுங்கள். பின்னோக்கி எடுத்துத் திருப்பும் வண்டியும் அது எழுப்பும் எச்சரிக்கை ஒலியும் அழுகைக்கு நடுவே கேட்கக் கூடாதவை.

ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்கூக்ஷிர்கோகோர்டன் என்ற வனக் கல்லறை, நடையை மட்டுமே நம்பி வடிவமைத்ததற்குச் சிறந்த சான்று. 1915இல் நடந்த வடிவமைப்புப் போட்டியில் வென்ற கட்டடக் கலைஞர்கள் குன்னார் அஸ்ப்லுண்ட், சிகுர்ட் லெவெரென்ட்ஸ் இருவரும் பழைய சரளைக் குவாரி நிலத்தையும் பைன் காட்டையும் அழிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 1994இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே எல்ம் மரங்கள் நிற்கும் குன்றுக்கு ஏறும் படிக்கட்டைக் கவனிக்க வேண்டும்: மேலே போகப் போகப் படிகளின் உயரம் குறைகிறது. துக்கத்தோடு ஏறுபவர் மூச்சு வாங்காமல் உச்சிக்குப் போய்ச் சேர்கிறார். அதன் உயிர்த்தெழுதல் சிற்றாலயத்தில் வடக்கு வாசலால் உள்ளே போய், சடங்கு முடிந்ததும் மேற்கு வாசலால் வெளியேறுகிறார்கள். வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

அந்த ஒருவழிப் போக்கை மண்டபத்தின் முதல் விதியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஐந்தாறு சடங்குகள் நடக்கும் இடத்தில், வெளியேறும் குடும்பமும் உள்ளே வரும் குடும்பமும் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. ஒரு சடங்குக்கு 45 நிமிடம் என்றால் அட்டவணையில் 75 நிமிடம் ஒதுக்குங்கள். காத்திருக்கும் அறையும் கழிப்பறையும் நுழைவுப் பக்கத்தில் இருக்கட்டும். மலர்களை வைத்துப் பார்க்கும் முற்றமும் ஆட்கள் நின்று பேசும் நிழலும் வெளியேறும் பக்கத்தில் இருக்கட்டும். மண்டபத்தின் நடுவழி 2 மீட்டர், கதவுத் திறப்பு 1.8 மீட்டர். பெட்டி போகும் வழியில் செங்கோணத் திருப்பம் கூடவே கூடாது. தவிர்க்க முடியாத இடத்தில் திருப்பத்தின் இரு பக்கமும் 2.5 மீட்டர் அகலம் வேண்டும். உடலை வைக்கும் இடத்துக்குப் பின்னால் பெரிய கண்ணாடிச் சுவர் வைப்பது கட்டடக் கலைஞர்களுக்குப் பிடித்த விஷயம். வெளிச்சம் கண்ணில் அடித்து, அஞ்சலி சொல்லுபவரின் முகம் கருப்பாகிவிடும். ஒளி பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ வரட்டும். எதிரொலி அடங்கும் நேரம் 1 நொடியை ஒட்டி இருந்தால் தழுதழுத்த குரலும் புரியும். பளிங்கும் காங்கிரீட்டும் மட்டுமே உள்ள கூடத்தில் அது 3 நொடியைத் தாண்டும். கூரையின் கீழ்ப்பரப்பிலும் பின்சுவரிலும் ஒலியை உறிஞ்சும் பொருள் போட்டாலே பாதிச் சிக்கல் தீரும்.

தகன மேடையும் சேர்ந்திருந்தால் மின்விசிறிகளின் இரைச்சலும் எலும்பைப் பொடிக்கும் கருவியின் சத்தமும் மண்டபத்துக்கு வராதபடி நடுவில் ஓர் அறையாவது இருக்க வேண்டும். உலைக்குள் உடல் போவதைப் பார்க்க வேண்டும், பொத்தானைத் தாங்களே அழுத்த வேண்டும் என்பது இந்து, சீக்கியக் குடும்பங்கள் பலவற்றின் வேண்டுகோள். உலைக் கதவை நேராகப் பார்க்கும்படி 10 முதல் 15 பேர் நிற்கக்கூடிய சுத்தமான இடத்தை முதலிலேயே வரையுங்கள். பிறகு இடம் தேடினால் எண்ணெய்க் கறை படிந்த இயந்திர அறையில்தான் அவர்களை நிற்கவைப்பீர்கள். சாம்பல் தூவும் தோட்டத்துக்கு ஓர் எச்சரிக்கை: ஒருவரின் சாம்பல் 2 முதல் 3 கிலோ இருக்கும், காரத்தன்மையும் உப்பும் அதிகம். ஒரே இடத்தில் கொட்டினால் புல் கருகி வட்டமாக வழுக்கை விழும். மண்ணோடு கலந்து பரவலாக இடுவதற்கு இடம் மாற்றி மாற்றி ஒதுக்க வேண்டும்.

இப்போது சமயங்கள். பொதுவான இடம் என்றாலே எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரு சாம்பல்நிற அறையைக் கட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். யாருக்கும் அன்னியமாகாத இடத்தைத் தேடி, யாருக்கும் சொந்தமாகாத இடத்தில் போய் முடிவார்கள். அபுதாபியில் 2023இல் திறக்கப்பட்ட ஆபிரகாமியக் குடும்ப இல்லத்தில் கட்டடக் கலைஞர் டேவிட் அட்ஜாயே வேறு வழியில் போனார். பள்ளிவாசல், தேவாலயம், யூத ஜெபக்கூடம் மூன்றுமே 30 மீட்டர் கனசதுரங்கள். அளவில் ஒன்றுக்கொன்று உயர்வு தாழ்வு இல்லை, ஆனால் ஒவ்வொன்றும் தன் திசையைப் பார்த்து நிற்கிறது. கல்லறை நிலத்திலும் அளவையும் வாசலையும் பராமரிப்பையும் சமமாக வைத்து, திசையையும் சடங்கையும் தனித்தனியாக விடுவதே சரி என்பேன்.

திசை என்றால் துல்லியம். இஸ்லாமிய அடக்கத்தில் உடல் வலப்பக்கம் சாய்ந்து முகம் கிப்லாவை, அதாவது மக்காவின் திசையை, நோக்க வேண்டும், அதாவது குழியின் நீளம் கிப்லாத் திசைக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மீதி நிலத்தின் கட்டவரைவுக்குள் இதைத் திணிக்க முடியாது. வரிசைகளையே திருப்ப வேண்டும். காந்த ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாட்டைக் கழிக்காமல் கயிறு பிடித்தால் சில இடங்களில் பத்துப் பாகைக்கு மேல்கூடத் தவறும், பல வரிசைகள் நிரம்பிய பிறகுதான் யாராவது கண்டுபிடிப்பார்கள். ஆஸ்திரியாவின் ஆல்டாக் என்ற ஊரில் பெர்னார்டோ பாடர் வடிவமைத்து 2012இல் திறந்த இஸ்லாமியக் கல்லறையில், ஐந்து விரல்களைப் போல நீண்ட அடக்க நிலங்கள் திசை பிசகாமல் கிடக்கின்றன. இளஞ்சிவப்புக் காங்கிரீட் சுவர்கள் அவற்றைத் தழுவி நிற்கின்றன. 2013இல் அதற்கு ஆகா கான் விருது கிடைத்தது. அதற்கு முன் அந்தப் பகுதி முஸ்லிம்கள் பலர் இறந்தவரைச் சொந்த நாட்டுக்கே அனுப்பிவந்தார்கள்.

யூதர் பகுதியில் வெளிப்பார்வைக்குத் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. கோஹேன் என்ற குருமார் வம்சத்தினர் கல்லறைகளை நெருங்கக் கூடாது. கல்லறையின் மேல் கவியும் மரக்கிளை பாதையின் மேலும் கவிந்தால், அந்த நிழலின் கீழ் நடப்பதே அவர்களுக்குத் தீட்டு. ஆகவே அவர்களுக்குக் கல்லறைகளிலிருந்து 2 மீட்டராவது விலகி, மரம் கவியாத ஒரு பாதை வேண்டும். நிழல்மரம் நடும் தோட்டக் கலைஞரிடம் இதை யாரும் சொல்வதில்லை. வெளியேறும் இடத்தில் கை கழுவக் குழாயும் வேண்டும். உட்கார்ந்த நிலையில் அடக்கம் செய்யும் லிங்காயத்து மரபினருக்குக் குழி சதுரமாக இருக்க வேண்டும். மேலே சொன்ன மனை அளவு அங்கே பொருந்தாது. சாம்பிராணி, ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, காகிதம் எரித்தல் எல்லாவற்றுக்கும் மண்டபத்தின் புகை உணர்கருவி ஒரே மாதிரி அலறும் என்பதால் தனிக் காற்றோட்டம் உள்ள ஒரு மாடமோ வெளியே ஒரு கல்தொட்டியோ கொடுங்கள். சின்னங்களுக்கு இங்கேதான் விடை: நிரந்தரமாக எதையும் பதிக்க வேண்டாம். ஒவ்வொரு சமயத்தின் சின்னத்தையும் மரியாதையாக வைத்தெடுக்க மண்டபத்துக்குப் பின்னால் பூட்டுள்ள அலமாரி இருக்கட்டும். துடைப்பத்தோடு சிலுவை சாய்ந்து கிடக்கும் சாமான் அறை அதற்கு ஆகாது.

குழந்தைகள் பகுதியைப் பற்றி இரண்டே விஷயம். அதை மறைவான கோடியிலும் வைக்காதீர்கள், வண்டி நிறுத்தத்தின் பக்கத்திலும் வைக்காதீர்கள். பெரியவர்களின் சடங்குகளைக் கடக்காமல் வந்துசேரும் தனி நடை வேண்டும். பொம்மைகளும் காற்றாடிகளும் சேரும். எதுவரை அனுமதி, எப்போது எடுக்கப்படும், எடுத்தவை எத்தனை வாரம் பாதுகாக்கப்படும் என்று அடக்கத்துக்கு முன்பே ஒரு தாளில் கொடுத்துவிடுங்கள். சொல்லாமல் அள்ளிப் போடுவதுதான் பெற்றோரை உடைக்கிறது.

கற்களில் சமத்துவம் எப்படி என்பதற்கு முதல் உலகப் போரின் கல்லறைகளைப் பாருங்கள். 1917இல் தொடங்கிய பிரிட்டிஷ் பேரரசின் போர்க்கல்லறை ஆணையம், தளபதிக்கும் சிப்பாய்க்கும் ஒரே கல் என்று முடிவுசெய்தது: 81 சென்டிமீட்டர் உயரம், 38 சென்டிமீட்டர் அகலம். ஆனால் அடியில் குடும்பம் தன் சொற்களை எழுத 66 எழுத்துகள் வரை இடம் விட்டது. கல்லின் உயரத்துக்கும் அகலத்துக்கும் கண்டிப்பான வரம்பு, சொற்களுக்கும் எழுத்துருவுக்கும் மொழிக்கும் முழு விடுதலை என்பது இன்றும் பொருந்தும் விதி. எழுத்து 25 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் பாதையிலிருந்து படிக்க முடியாது. கொம்பும் சுழியும் உள்ள எழுத்துகளுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும்.

நிலத்தில் ஏற்கெனவே யாராவது அடக்கமாகியிருக்கிறார்களா என்று பாருங்கள். 1991இல் நியூயார்க்கில் அரசுக் கட்டடத்துக்குத் தோண்டும்போது ஆப்பிரிக்க வழியினரின் பழைய இடுகாடு வெளிப்பட்டது. சந்ததியினரைக் கலக்காமல் வேலை தொடர்ந்ததால் பெரும் எதிர்ப்பு எழுந்து, வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. எடுக்கப்பட்ட 419 பேரின் எச்சங்களும் 2003இல்தான் மறுபடி அடக்கமாயின. பழைய வரைபடங்களையும் ஊர்ப் பெரியவர்களின் நினைவையும் தரையூடுருவும் ரேடாரையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முதல் கோட்டைப் போடுங்கள்.

யாரைக் கேட்பது என்பதில் சமயத் தலைவர்களோடு நின்றுவிட வேண்டாம். உடலைக் குளிப்பாட்டுபவர்கள், குழி வெட்டுபவர்கள், அமரர் ஊர்தி ஓட்டுநர்கள், வாராவாரம் கல்லறைக்கு வரும் முதியவர்கள் ஆகியோர் சொல்வது வரைபடத்தை அதிகம் மாற்றும். தண்ணீர்க் குழாய் எந்தக் கல்லறையிலிருந்தும் 50 மீட்டருக்குள் வேண்டும், பெஞ்சு நடந்துகொண்டிருக்கும் அடக்கத்தைப் பார்த்து இருக்கக் கூடாது, வாடிய பூவைப் போடும் தொட்டி பக்கத்தில் இருந்தும் கண்ணில் படாமல் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அவர்களிடமிருந்து வருபவை.

வரைபடம் முடிந்ததும் நிலத்தில் சுண்ணாம்புக் கோடும் கயிறும் கட்டி, வாசல், மண்டபச் சுவர்கள், பாதை, ஒரு குழிவரிசை ஆகியவற்றை முழு அளவில் குறியுங்கள். 2.1 மீட்டர் நீளப் பெட்டியில் 100 கிலோ மணல் மூட்டை அடுக்கி, ஆறு பேர் தோளில் சுமந்து ஊர்தி நிற்கும் இடத்திலிருந்து குழி வரை நடக்கட்டும். கூடவே ஒருவர் சக்கர நாற்காலியிலும் ஒருவர் ஊன்றுகோலோடும் வரட்டும். எங்கே தோள் மாற்றினார்கள், எங்கே பெட்டி சுவரில் இடித்தது, எங்கே பின்னால் வந்தவர்கள் புல்லில் இறங்க வேண்டியதாயிற்று என்று இடம் இடமாகக் குறித்துக்கொண்டு, கயிற்றை அங்கேயே நகர்த்தி மறுபடி நடக்கவைத்துவிட்டு, அந்த அளவுகளை வரைபடத்தில் ஏற்றுங்கள்.